சுலோசன முதலியார் பாலத்தில் ஒரு மாலை



தம்பிலுவில்லில் பிறந்து வளர்ந்த எனக்கு ஆறு என்றதும் முதலில் அச்சந்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வட்டை, இடையிலே களப்பு. மார்கழி அடைமழை விடாமல் பெய்தால் இந்த மூன்றுக்கும் எல்லை இல்லாமற் போய்விடும். வட்டைக்குப் போனவர்கள் பொழுது பட்டும் திரும்பாவிட்டால் என் அம்மம்மா வாசலில் விளக்கை வைத்துவிட்டு நிற்பா. "தண்ணிக்குத் தெரியுமா மனே, ஆர்ர பிள்ளை எண்டு?" என்று கேட்பா. அந்தக் கேள்வியை வெகு தூரத்தில், வேறொரு நாட்டில், ஒரு கற்பாலத்தின் மேல் நின்றபோது மறுபடியும் நினைத்துக்கொண்டேன். அந்தப் பாலத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

2025 பெப்ரவரியில் நானும் அக்கரைப்பற்றைச் சேர்ந்த என் நண்பர் ஒருவரும் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தோம். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் அழைப்போம். தன் பெயரை வானொலியில் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இந்தப் பேச்சிலும் அவர் மச்சான்தான். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். புதுமைப்பித்தன் நடந்த தெருக்களைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. உமறுப் புலவர் வாழ்ந்த சீமையைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு. இரண்டு ஆசைக்கும் திருநெல்வேலி பொதுவாக அமைந்தது. கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம், மதுரையிலிருந்து நெல்லைக்கு பஸ் என்று போய்ச் சேர்ந்தோம்.

திருநெல்வேலி என்று நாம் ஒரே பெயராகச் சொன்னாலும், அது தாமிரபரணியின் இரு கரைகளிலும் இருக்கும் இரட்டை ஊர். மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைத்தெருவும் ரயில் நிலையமும் உள்ள திருநெல்வேலி. கிழக்கே பாளையங்கோட்டை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்ட் என்று பாளையங்கோட்டையைப் பெருமையாகச் சொல்வார்கள். தூய யோவான் கல்லூரி, பெண்களுக்கென்று 1895 இல் எழுந்த சாராள் தக்கர் கல்லூரி, 1923 இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, 1971 இல் வந்த சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1990 இல் ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. அதற்கு அரசரின் பெயரையோ அமைச்சரின் பெயரையோ வைக்காமல், 1891 இல் வெளிவந்த ஒரு நாடக நூலையும் அதை எழுதியவரையும் சேர்த்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்த நாட்களை அறிந்த எங்களுக்கு, ஓர் ஊருக்குப் பல்கலைக்கழகம் வருவது எவ்வளவு பெரிய சங்கதி என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து வைத்திருப்பது சுலோசன முதலியார் பாலம். சந்திப்புப் பக்கமிருந்து ஒரு மாலை நேரம் நடந்தே போனோம். பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றையொன்று முந்திப் பறந்தன. பாலத்தின் மேல் நின்றால் அது பாலம் என்றே தெரியவில்லை. சனநெரிசல் மிக்க மற்றொரு வீதி, அவ்வளவுதான். பின்னாளில் அகலப்படுத்தியிருக்கிறார்கள், அருகிலே புதிய பாலம் ஒன்றும் கட்டியிருக்கிறார்கள். "இதப் பாக்கவா மச்சான் இவ்வளவு தூரம் நடந்த?" என்று அவர் சலித்துக்கொண்டார்.

ஆற்றங்கரைக்கு இறங்கிப் பார்த்த பிறகுதான் அவர் வாயை மூடினார். வரிசையாகக் கல் வளைவுகள். எண்ணிப் பார்த்தோம்; பதினொன்று. வளைவுகளைத் தாங்கும் கால்களின் முகப்பில் உருண்டைத் தூண்கள் இரண்டிரண்டாக நிற்கின்றன. கோயில் மண்டபத்துத் தூணின் சாயல் அவற்றுக்கு இல்லை. அவை கிரேக்க நாட்டுத் தூணின் வடிவம் என்று படித்திருக்கிறேன். நடுவிலே பொருநை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நம் தீவுக்குப் பழைய காலத்தில் தம்பபண்ணி என்று ஒரு பெயர் இருந்ததும், இந்த ஆற்றின் பெயரும் அந்தப் பெயரும் ஒரே வாயிலிருந்து வந்தவை போலத் தோன்றுவதும் உங்களுக்குத் தெரிந்ததே. அந்நியமான ஆற்றின் கரையில் நிற்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை.

இனி, பாலத்தின் கதையைச் சொல்கிறேன். 1840 க்கு முன்பு இங்கே பாலம் கிடையாது. ஓடத்தில்தான் கடக்க வேண்டும். ஓடத்துறையில் முந்துகிறவர், பிந்துகிறவர், காசு கூடக் கொடுக்கிறவர் என்று நாள்தோறும் சச்சரவு. ஒருமுறை அந்தச் சச்சரவு பெருங்கலகமாகி உயிர்ச்சேதம் வரைக்கும் போனது என்று நெல்லையின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கலெக்டராக இருந்த தொம்சன் பாலம் ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தார். கப்டன் ஃபேபர் வரைபடம் தயாரித்தார். கட்டுவிக்கும் பொறுப்பு ஹோர்ஸ்லி என்னும் பொறியியலாளரிடம் வந்தது. செலவு ஏறத்தாழ அரை இலட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அந்தக் காலத்து அரை இலட்சம்! பணத்துக்கு எங்கே போவது? மக்களிடம் வசூலிக்க வேண்டும். அந்த வேலை கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியாரின் தலையில் விழுந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நெல்லைக்காரர்கள் ஒரு கதையாகச் சொல்கிறார்கள். முதலியார் சோர்ந்த முகத்தோடு வீட்டுக்கு வருகிறார். வறிய சனங்களிடம் போய் எப்படிக் கையேந்துவது என்பது அவருக்குக் கவலை. மனைவி வடிவாம்பாள் என்னவென்று கேட்கிறார். கேட்டுவிட்டு, தன் நகைகளையும் வீட்டிலிருந்த பணத்தையும் ஒரு தட்டிலே வைத்து, முதல் நன்கொடையாக இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுகிறார். அந்தத் தட்டைப் பார்த்த முதலியார், யாரிடமும் வசூலிப்பதில்லை, முழுச் செலவும் நம்முடையதே என்று முடிவு செய்கிறார். தட்டு நீட்டிய காட்சி வாய்மொழிக் கதை. பாலத்தின் செலவை அந்தக் குடும்பம் ஏற்றது வரலாறு. 1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. அந்நிய ஆட்சியின் கச்சேரியிலே சம்பாதித்த பணந்தானே என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பணம் கடைசியில் எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்?

லண்டன் மாநகரின் வோட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டே இதைக் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. அந்த லண்டன் பாலம் 1817 இல் திறக்கப்பட்டது. ஒன்பது வளைவுகள், கால்களின் முகப்பில் இதேபோல இரட்டைத் தூண்கள். ஆனால் அதிலே கால் வைக்க வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும். 1878 வரை அந்தச் சுங்கம் நீடித்தது. 1930 களில் அந்தப் பாலத்தையே இடித்துவிட்டு வேறொன்று கட்டினார்கள். மூலம் போய்விட்டது, அதன் சாயலில் எழுந்தது தாமிரபரணியில் நிற்கிறது. "லண்டன்காரன் காசு வாங்கினான். இந்த மனிசன் கைக்காசு போட்டுக் கட்டிக் குடுத்திருக்காரு" என்றார் மச்சான்.

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். "வெளியூரா அண்ணாச்சி? பேச்சு ஒரு மாதிரியா இருக்கே" என்றார். இலங்கை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. மச்சான் உடுத்தியிருந்த சாரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். "கைத்தறியா?" என்றார். மருதமுனைத் தறி என்று மச்சான் பெருமையாகச் சொன்னார். "நானும் தறியிலே இருந்தவன்தான்" என்று அவர் சிரித்தார். நெல்லைச் சீமையிலும் அதைச் சாரம் என்றுதான் சொல்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். மருதமுனையையும் மேலப்பாளையத்தையும் ஒரு சாரம் கட்டிப் போட்டுவிட்டது.

அவர்தான் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். 2023 டிசம்பர் 17, 18 ஆம் திகதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரையுடைத்துப் போனது. இந்தக் கொக்கிரகுளம் எல்லாம் வெள்ளக்காடாகிவிட்டது. ஆற்றின் நடுவே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் முழுதும் மூழ்கிப் போயிற்று. "பாலம் நின்னுட்டுல்லா!" என்றார், தன் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல. இந்தப் பாலமும் அடிபடாத பாலமல்ல. 1869 வெள்ளத்தில் இதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 1871 இல் திருத்திக் கட்டினார்கள். இடிந்த இடம் எது, கட்டிய இடம் எது என்று இப்போது என் கண்ணுக்குப் புலப்படவில்லை.

பிறகு அவர் ஆற்றின் கரையைக் காட்டி ஒன்று சொன்னார். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. 1999 ஜூலை 23 ஆம் திகதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டு ஊர்வலமாகக் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தார்கள். பொலிஸார் தடியடி நடத்தினார்கள். தப்பி ஓட வழியில்லாமல் சனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் மாண்டுபோனார்கள். அதிலே பெண்களும் இருந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் என்ற சொல் நமக்கு வெறும் சொல்லல்ல. மலையகத்து மக்களின் முன்னோர் பலர் இந்த மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். ஆனால் அந்தக் கணத்தில் என்னை உலுக்கியது வேறொன்று. ஓடத்துறையிலே உயிர் போகக்கூடாது என்றுதானே பாலம் கட்டினார்கள்? கட்டி நூற்றைம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பாலம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நிற்க, மனிதர்கள் தண்ணீரில் இறங்கிச் சாக நேர்ந்திருக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன. பாலத்துக்குப் போகும் வழியை மனிதர்கள் அடைத்துவிட்டார்கள்.

முதியவர் விடைபெற்றுப் போனார். மச்சான் கரைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு அது மூன்று மாதக் காயம். 2024 நவம்பர் 26 ஆம் திகதி, காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது, நிந்தவூர் மதரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகளின் உடல்களை நாட்கணக்கில் தேட வேண்டியிருந்தது. அதே மாவட்டத்தில் கிட்டங்கித் தாம்போதியையும் ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் மூடுகிறது; சனங்கள் முழங்கால் தண்ணீரில் கடக்கிறார்கள். "இப்பிடி ஒரு சிரஸ்தார் நம்மட பக்கம் பொறக்கல்லையே மச்சான்" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தண்ணிக்குத் தெரியுமா ஆர்ர பிள்ளை எண்டு, என்ற அம்மம்மாவின் குரல்தான் காதிலே கேட்டது.

நேயர்களே, இவ்வளவோடு இந்தப் பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் அந்த மாலையில் நான் அவரிடம் சொன்ன ஒன்றை உங்களிடமும் சொல்லாவிட்டால் இது பாதிப் பேச்சாகிவிடும்.

தம்பிலுவில்லிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். இடையிலே தம்பட்டை, வயல், தென்னந்தோப்பு, சின்னச் சின்னப் பாலங்கள். ஓடம் பிடித்துக் கடக்கும்படியான ஆறு எதுவும் கிடையாது. கலாசாலை நாட்களில் அந்த வழியால் நான் எத்தனை முறை அவருடைய வீட்டுக்குப் போயிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நோன்புக் கஞ்சியும், பெருநாள் சாப்பாடும், அவருடைய உம்மா சுடும் கிண்ணத்தப்பமும் எனக்கு உரிமையானவை. 1990 இல் எங்கள் கரையில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். தமிழரும் செத்தார்கள், முஸ்லிம்களும் செத்தார்கள். அதன்பிறகு அந்த வழி எங்களுக்கு அகலமான ஆறாகிவிட்டது.

1996 இல் மச்சானுடைய வாப்பா மவுத்தானார். செய்தி அன்று காலையே எனக்குக் கிடைத்தது. அப்போது வீதி திறந்திருந்தது, பஸ் ஓடியது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. உடுத்திக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். அங்கே போனால் அவர்கள் என்ன நினைப்பார்களோ, திரும்பி வந்தால் இவர்கள் என்ன சொல்வார்களோ என்று யோசித்தேன். பிறகு சேர்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பின்னாளில் நாங்கள் மறுபடியும் சந்தித்தோம். பழையபடி மச்சான் என்று பேசிக்கொண்டோம். ஆனால் ஏன் வரவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேளாத கேள்வியும் சொல்லாத பதிலுமாக இருபத்தெட்டு வருடம் போய்விட்டது.

அந்தப் பாலத்தடியில் அதைச் சொன்னேன். சேர்ட்டைக் கழற்றி மாட்டியதையும் சொன்னேன்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "நீ வரல்ல எண்டு நான் கோவிக்கல்ல மச்சான். எனக்கும் அந்தப் பயம் இருந்த. ஆனா உம்மாதான் அண்டைக்கு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. 'தம்பிலுவில் புள்ள வந்திட்டானா, வந்திட்டானா' எண்டு ரெண்டு மூணு தரம் கேட்டா."

அதற்கு என்னிடம் சொல் இல்லை. மேலே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பாளையங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் புத்தகப் பையோடு கூட்டங்கூட்டமாக மேற்குக் கரைக்கும், மேற்குக் கரைப் பிள்ளைகள் கிழக்குக் கரைக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்து இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தனும் இப்படித்தானே இந்த ஆற்றைக் கடந்திருப்பார்! சுலோசன முதலியாரை அவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? பாலத்தில் அவருடைய கொடையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. நின்று வாசிப்போர் யாரையும் நாங்கள் காணவில்லை. அதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்தவரை நினைக்காமலே கடந்து போக முடிகிறது என்றால் கொடை நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அக்கரைப்பற்றுக்குப் போனேன். மச்சானின் உம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கண் சரியாகத் தெரிவதில்லை. என் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டா. சொல்ல வேண்டியதை நான் தொடங்கினேன். அவ அதைக் காதில் வாங்கிக்கொண்டாவா என்பது தெரியவில்லை. "முதல்ல சோறு திண்டுட்டுப் பேசு மனே" என்றா.

பெரிய பாலங்களுக்கு அரை இலட்சமும் வேண்டும், பொறியியலாளரும் வேண்டும், அரசாங்கத்தின் மனமும் வேண்டும். மாவடிப்பள்ளிக்கும் கிட்டங்கிக்கும் அவை வந்தே ஆக வேண்டும். அதைக் கேட்பதை நாம் நிறுத்தவும் கூடாது. எனக்கு மட்டும், ஆணியில் மாட்டிய சேர்ட்டை எடுத்து உடுத்திக்கொண்டு புறப்பட இருபத்தெட்டு வருடம் பிடித்தது. உங்களில் யாருக்காவது அப்படி ஒரு சேர்ட் ஆணியில் தொங்கினால், இந்த மாரிக்கு முன்னரே எடுத்து உடுத்திக்கொள்ளுங்கள்.